வாசகர் கேள்வி – பதில்: கண்டி டவுனை நடந்து பார்க்கப் போகிறவர்களுக்கு

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன், கண்டியின் பழைய நகரத்தை வேனுக்குள் இருந்து பார்த்தவர் அதைப் பார்க்கவே இல்லை என்று. அவ்வளவுதான், கடிதம் மேல் கடிதம். சிலர் திட்டியிருக்கிறார்கள், பெரும்பாலானவர்கள் வழி கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, முடிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன். நாற்பது வருடமாக இந்த டவுனில் செருப்புத் தேய்த்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு பட்டம் பதவி கிடையாது.

தரம் 10 பிள்ளைகள் 38 பேரைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் சுற்றுலா வருகிறோம். வருடா வருடம் பேராதனைப் பூங்கா, தலதா மாளிகை, சாப்பாடு, திரும்பவும் பஸ் என்று முடிந்துவிடுகிறது. இந்த முறை நடந்து காட்ட ஆசை. எங்கே தொடங்கி எப்படிப் போவது? – ஓர் ஆசிரியை, பொகவந்தலாவ

டீச்சர், முதல் வேலையாக அன்றைக்குப் பேராதனைப் பூங்காவை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. 147 ஏக்கர் பூங்காவை ஓடி ஓடிப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைக்கு, புத்தரின் தந்த தாது இருக்கிற தலதா மாளிகை வாசலுக்கு வரும்போது காலும் இருக்காது கண்ணும் இருக்காது.

விடிய 4 மணிக்கு பஸ் எடுத்தால் 8 மணி போல மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கலாம். நடையை அங்கேயே தொடங்குங்கள். அந்தக் கோபுரம் வெள்ளைக்காரன் கட்டியது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை, வாகன விபத்தில் இறந்துபோன மகனின் நினைவாக ஒரு முஸ்லிம் தகப்பன் கட்டிக் கொடுத்தது, 1950இல் திறந்தார்கள். தினமும் ஆயிரக்கணக்கான பேர் அதைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துவிட்டுப் போகிறார்கள், எதற்காகக் கட்டினது என்று ஒருவரும் கேட்பதில்லை.

அங்கிருந்து தலதா வீதி வழியாக நேரே நடந்தால் குளத்து முனையில் பழைய ஹோட்டல் வரும், ஒரு காலத்தில் கண்டிப் பிரதானி ஒருவரின் வளவு இருந்த இடம். அதைத் தாண்டியதும் பிள்ளைகள் மாளிகையைப் பார்த்து ஓடுவார்கள். பிடித்து நிறுத்துங்கள். எதிரே இடது பக்க வளவுக்குள் இருக்கிற நாத தேவாலயத்துக்குத்தான் முதலில் போக வேண்டும். கண்டியில் இன்று நிற்கிற கட்டடங்களில் மிகப் பழையது அதுதான், 14ஆம் நூற்றாண்டு. கல் கட்டடம், மேலே சின்னதாக ஒரு சிகரம். நம் பிள்ளைகள் பார்த்தவுடன் "கோயில் மாதிரி இருக்கே டீச்சர்" என்பார்கள், சரியாகத்தான் சொல்வார்கள், தென்னிந்தியக் கட்டட வேலையின் சாயல் அதில் அப்படியே இருக்கிறது. உள்ளே இருக்கும் நாத தெய்யோ இனி வரப்போகிற புத்தராகக் கும்பிடப்படுகிற போதிசத்துவர்.

பக்கத்திலேயே பத்தினி தேவாலயம். பத்தினி என்றால் யார் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள், ஒரு நிமிடம் விட்டுப் பிடியுங்கள். நம் கண்ணகிதான். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கையிலிருந்து கயவாகு மன்னன் வந்திருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது, தமிழ்ப் பாடத்தில் படித்திருப்பார்கள். அந்தப் பாடம் இங்கே எண்ணெய் விளக்குப் புகையோடு எதிரில் நிற்கிறது. அம்மை நோய் வந்தால், கைக்குழந்தைக்குச் சுகமில்லை என்றால், சிங்களத் தாய்மார் இங்கேதான் வருகிறார்கள். நாம் மாரியம்மனிடம் போகிற மாதிரி. இதைச் சொல்ல எந்தப் புத்தகமும் தேவையில்லை, ஐந்து நிமிடம் ஓரமாக நின்று யார் வருகிறார்கள், என்ன கொண்டு வருகிறார்கள் என்று பார்த்தால் போதும். அதே வளவை ஒட்டிச் சிவப்புச் செங்கல்லில் புனித பவுல் தேவாலயம் நிற்கும், 1840களில் தொடங்கி ஆங்கிலேயப் படைக்காகக் கட்டியது. இடம் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள், அரண்மனை வாசலில்.

ஒன்பது மணிக்கு மாளிகைக்குள் போய்விடுங்கள், 9.30 பூசைக்கு மேளம் தொடங்கும்போது உள்ளே இருக்க வேண்டும். இது முக்கியம். அங்கே அடிக்கிற தவுல நம் தவிலுக்குச் சொந்தம், தம்மட்டம் என்றால் விளக்கமே வேண்டாம், ஊதுகிற ஹொரணாவ கிட்டத்தட்ட நாதசுரத்துக்குத் தம்பி. திருவிழாவில் தப்புக்கும் உறுமிக்கும் ஆடி வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காது சட்டென்று நிமிரும். நான் கூட்டிப் போன ஒரு பையன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே நின்றான், அவன் ஆசிரியர் கையைத் தட்டிவிட்டார். விட்டிருக்கலாம்.

வெளியே வந்து ராஜ வீதியைக் கடந்தால் படியேறி விஷ்ணு தேவாலயம். பிறகு கொட்டுகொடெல்ல வீதியில் கதிர்காம தேவாலயம். இதைத் தவற விடாதவர்கள் குறைவு, அவ்வளவு கடை கண்ணிகளுக்கு நடுவில் இருக்கிறது, பைக் கடையையும் செருப்புக் கடையையும் பார்த்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விடுவோம். உள்ளே ஆறுமுகமும் பன்னிரு கையுமாக மயில் மேல் முருகன், பூசை செய்கிறவர்கள் பிராமணக் குருக்கள். நான்கு தேவாலயங்களும் அரசன் காலத்திலிருந்தே கண்டிப் பெரஹரா என்கிற மாளிகைத் திருவிழா ஊர்வலத்தில் போகிறவை. பெரஹரா பார்க்கும்போது முருகனுக்கு ஒரு வரிசை, கண்ணகிக்கு ஒரு வரிசை என்று தெரிந்து பார்த்தால் அது வேறு பெரஹரா.

இவ்வளவுக்கும் மத்தியானம் ஆகிவிடும். அத்தோடு சாப்பாட்டுப் பார்சலைப் பிரியுங்கள். மீதி குளக்கரையில் ஆறுதலாக.

போன வருடம் குடும்பமாகப் போனபோது மாளிகை வாசலில் ஒருவர் தானாக வந்து கைட் என்று ஒட்டிக்கொண்டார். இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஒரு மாணிக்கக் கடையில் ஒரு மணித்தியாலம் உட்கார வைத்தார். கைட் வேண்டுமா, வேண்டாமா? – ஒரு வாசகர், மாத்தளை

அந்த இருபது நிமிடத்துக்கும் உங்களுக்குச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும். நீங்கள்தான் அன்றைக்கு அவர் கடைக்குக் கூட்டிப் போன வியாபாரம்.

நல்ல கைட் இருந்தால் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை உரிமம் கொடுக்கிறது, அதில் தேசிய கைட், சாரதி கைட், ஏரியா கைட், ஓர் இடத்துக்கு மட்டுமான கைட் என்று வகைகள் உண்டு. அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் கேட்டுப் பார்க்கலாம், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கூலியை நடக்கத் தொடங்கும் முன்பே பேசி முடியுங்கள். எத்தனை மணித்தியாலம் என்பதையும். "கடைக்குப் போக வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லுங்கள், அதைக் கேட்டு முகம் மாறினால் வேறு ஆளைப் பாருங்கள். குளக்கரையில் "நான் உங்கள் ஹோட்டலில் வேலை செய்கிறவன்", "இன்றைக்கு மட்டும் விசேஷ பெரஹரா இருக்கிறது" என்று பேச்சுக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு சிரிப்போடு நடையைக் கட்டுவதுதான் பதில்.

தமிழில் விளக்கம் சொல்கிற கைட் கிடைப்பது கஷ்டம், அது உண்மை. நம் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு ஏன் கூடுதலாக வருவதில்லை என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. மலையகத்துப் பிள்ளை சிங்களமும் தமிழும் பிறந்ததிலிருந்தே கேட்டு வளர்கிறது, கொஞ்சம் ஆங்கிலமும் சேர்ந்துவிட்டால் இந்த வேலைக்கு அதைவிட என்ன வேண்டும்?

கண்டியின் கடைசி அரசன் தமிழன் என்று நான் சொன்னேன், என்னோடு வேலை செய்பவர் இல்லவே இல்லை என்றார். கைட் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. யார் சரி? – ஒரு வாசகர், பண்டாரவளை

ரெண்டு பேரும் பாதிப் பாதி.

கதை 1739இல் தொடங்குகிறது. சிங்கள அரச பரம்பரையில் கடைசியான நரேந்திரசிங்கனுக்கு முடிசூடத் தகுதியான பிள்ளை இல்லை, அவருடைய பட்டத்து ராணி மதுரையிலிருந்து வந்தவர், ராணியின் தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரசனானார். அவரோடு சேர்த்து நான்கு பேர் நாயக்கர் வழியில் ஆண்டார்கள். கடைசியானவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், முடி சூட்டும் முன் கண்ணுசாமி, 1798இல் பதவிக்கு வந்தவர். நாயக்கர்கள் மதுரைப் பக்கத்துத் தெலுங்கு வழியினர், தமிழும் தெலுங்கும் வீட்டில் புழங்கின. ஆகவே "தமிழன்" என்று மார்தட்டினால் தெலுங்கர் ஒருவர் எழுந்து நின்று கேட்பார். "இல்லவே இல்லை, எங்கள் ஆள்" என்றால் கண்ணுசாமி என்ற பெயரை எங்கே ஒளிப்பது?

எனக்கு இதில் பிடித்த ஆள் கடைசி அரசன் இல்லை, இரண்டாவது நாயக்கர், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். மதுரை வழியில் வந்த அவர்தான் 1753இல் சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து, அறுந்துபோயிருந்த உபசம்பதாவை, அதாவது பிக்குவாக முழுத் துறவு கொடுக்கிற சடங்கை, மீண்டும் நடத்தி வைத்தவர். இன்றைய மல்வத்த, அஸ்கிரிய என்ற பிக்குகளின் பெரிய பீடங்களின் கதையை அவரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. இதைச் சொல்ல கைடுக்கு என்ன தயக்கமோ தெரியாது. நம் ஆட்களும் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் "நம்ம ராஜா" கதைக்கு இது ஒத்து வராது.

விக்கிரம ராஜசிங்கன் கட்டியதைத்தான் நீங்கள் படத்தில் பார்க்கிற கண்டி என்கிறோம். எட்டுப் பட்டைக் கட்டடமான பத்திரிப்புவ, அலை அலையாக ஏறி இறங்கும் வலாகுளு மதில், குளம், எல்லாம் அவர் காலம். ஸ்தபதி தேவேந்திர மூலாச்சாரி. பொன் கூரை மட்டும் மிகப் பிந்தியது, 1987. மதிலுக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள், முக்கோண மாடங்கள் வரிசையாக இருக்கும், விளக்கு வைக்க. ஒவ்வொன்றும் உள்ளங்கையைக் குவித்த அளவு. விசேஷ நாளில் எல்லாவற்றிலும் விளக்கெரிந்து, குளத்துத் தண்ணீரில் அது இரட்டித்துத் தெரிகிற காட்சியை நினைத்துத்தான் அந்த மனிதன் கட்டியிருக்க வேண்டும். அப்படியே கரையோரமாக நடந்துகொண்டே வந்தால் ஓர் இடத்தில் மதில் நின்றுவிடும். குளத்தைச் சுற்றி முடிப்பதற்குள் இராச்சியம் போய்விட்டது. 1815 பெப்ரவரி 18இல் பிடிபட்டார், மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவவில் பிரதானிகள் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் செய்தார்கள். அந்த மரத்தூண் மண்டபம் இப்போதும் மாளிகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள், செதுக்கு வேலை அப்படி.

அரசன் வேலூரில் காவலில் இருந்து 1832இல் இறந்தார். பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் என்று அவருக்கு நினைவிடம் இருக்கிறது, அந்தப் பக்கம் போகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம்.

கொடுமைக்காரன் என்பார்களே, அது? தனக்கு எதிராகத் திரும்பிய பிரதானி எஹலேப்பொலவின் மனைவி பிள்ளைகளை 1814இல் கொல்ல வைத்தது கொடுமைதான், பூசி மெழுக ஒன்றும் இல்லை. போகம்பரைப் பக்கம் போகும்போது அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாயக்கர் என்பதற்காக நாம் மறைக்கவும் வேண்டாம், நாயக்கர் என்பதற்காக மற்றவர் ஊதவும் வேண்டாம்.

கண்டியில் மலபார் வீதி என்று ஒன்று இருக்கிறதே, மலையாளிகள் இருந்தார்களா? – ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

இல்லை அம்மா. ஐரோப்பியர்கள் அந்தக் காலத்தில் தமிழரையும் மற்றத் தென்னிந்தியரையும் சேர்த்தே "மலபார்" என்று எழுதி வைத்தார்கள், உங்கள் யாழ்ப்பாணத்தாரையும் அப்படித்தான். அரசனின் நாயக்க உறவினர்கள் குடியிருந்த தெரு என்பதால் அந்தப் பெயர். மாளிகையைத் தாண்டிப் போகிற அந்தத் தெருவில் இன்றைக்குப் பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை, அரண்மனை மாதிரி ஏதோ இருக்கும் என்று போய் ஏமாறாதீர்கள். ஆனாலும் நான் யாரைக் கூட்டிப் போனாலும் அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே ஒரு நிமிடம் நிறுத்துவேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. நடக்க முடியுமா? – ஒரு வாசகர், நோர்வூட்

விஷ்ணு தேவாலயப் படியையும் மாளிகை மேல்மாடியையும் விட்டால் மற்றதெல்லாம் சமதரைதான். குளத்தைச் சுற்ற 3 கிலோமீற்றருக்கு மேல் வரும், அது வேண்டாம், கரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் போய் வாருங்கள், அவருக்குக் கபரகொய்யாவும் நீர்க்காகமும் துணையிருக்கும். காலையிலேயே போங்கள். நோர்வூட் குளிருக்குப் பழகினவருக்குக் கண்டி 11 மணி வெயில் கொதிக்கும், ஸ்வெட்டரை பஸ்ஸிலேயே வையுங்கள். செருப்பைக் கழற்றினால் மத்தியானக் கல் காலைச் சுடும்.

வெள்ளைக்காரச் சுடுகாட்டில் பேய் இருக்காமே? – ஒரு மாணவன், தலவாக்கலை

தம்பி, பேய் இல்லை, யானை இருக்கிறது. அதாவது யானை கொன்ற ஆள் இருக்கிறார். அருங்காட்சியகத்துக்குப் பின்னால் மேட்டில் இருக்கிற அந்த மயானத்தில், 1856இல் காட்டு யானை அடித்து இறந்த ஒரு ஆங்கிலேயரின் கல்லறை உண்டு. இலங்கையில் அப்படி இறந்த ஐரோப்பியர்களில் ஏழாவது ஆள், கடைசி ஆள் என்று பதிந்திருக்கிறார்கள். எண்ணி வைத்திருக்கிறார்கள் பார்! கோப்பிக் காட்டுக்கு வந்த நம் ஆட்கள் யானையாலும் காய்ச்சலாலும் வழியில் எத்தனை பேர் செத்தார்கள் என்று ஒரு கல்லிலும் இல்லை.

உயரமான ஒரு நினைவுத்தூண் தெரியும், அது ஜோன் டொயிலி. சிங்களம் நன்றாகப் படித்து, ஒற்றர்களை வைத்து, கண்டி அரசவையை உள்ளிருந்தே பிரித்தவர், 1815 ஒப்பந்தத்தை எழுதியவரும் அவரே. 1824இல் இறந்தார். ஒன்பது வருடம் கழித்து அதே ஊரில், அரசனின் அரண்மனைக்குப் பின்னாலேயே, மண்ணுக்குள்.

தந்த தாதுவைக் கண்ணால் பார்க்க முடியுமா? – ஒரு வாசகி, ஹாலிஎல

சாதாரண நாளில் முடியாது. பூசை நேரம் கதவு திறக்கும்போது பேழை தெரியும், அதுவும் நகரும் வரிசையில் சில நொடி. 2025 ஏப்ரலில் 16 வருடத்துக்குப் பிறகு தாதுவை வெளியே காட்டினார்கள், கண்டி தாங்கவில்லை, ஜனம் நாள் கணக்கில் தெருவில் கிடந்தது. பிள்ளைகளுக்கு வேண்டுமானால் ராஜா என்ற யானையைக் காட்டுங்கள், பல வருடம் பெரஹராவில் பேழை சுமந்தது, 1988இல் இறந்தபின் பாடம் செய்து மாளிகை வளவிலேயே வைத்திருக்கிறார்கள்.

வாசலில் சோதனை கடுமையாக இருக்கிறதே என்று இன்னொரு கடிதம். 1998 ஜனவரியில் நடந்த குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது, மாளிகைக்கு முன்னால் வாகனம் ஓடாததும் அதனால்தான். பையைத் திறந்து காட்டுங்கள், முழங்காலும் தோளும் மூடிய உடை, வெள்ளையாக இருந்தால் நல்லது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்கு டிக்கெட் உண்டு, பாஸ்போட்டை மறக்க வேண்டாம்.

கோயில், குளம், ராஜா எல்லாம் சரி. தோட்டத்து ஆட்களான நமக்கு அந்தப் பழைய டவுனில் என்ன இருக்கிறது? – ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர், டிக்கோயா

ஐயா, இந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

கல்லில் எழுதினது தேடினால் கிடைக்காது. ஆனால் வழி இருக்கிறது. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பி தொடங்கியதிலிருந்து, மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை என்று காட்டுக்குள் நடந்து வந்தவர்கள் கண்டியைத் தொட்டுத்தான் மற்ற மலைகளுக்குப் பிரிந்தார்கள். வடக்கே இருந்து டவுனுக்குள் நுழைகிற தெரு இப்போது டி. எஸ். சேனநாயக்க வீதி, பழைய பெயர் திருகோணமலை வீதி. கைடுகள் அங்கே யாரையும் கூட்டிப்போவதில்லை, பார்க்க ஒன்றுமில்லையாம். நான் அந்தத் தெருவில் வடக்கிலிருந்து தெற்காக ஒருமுறை நடப்பேன், அதே திசையில். பிறகு ஸ்டேஷன். 1867இல் கண்டிக்கு ரயில் வந்ததே கோப்பி மூட்டையை இறக்கிக்கொண்டு போகத்தான். அதே வருடம்தான் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார். ஸ்டேஷனிலிருந்து பேராதனை வீதியில் கொஞ்சம் நடந்தால் கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயில், அங்கே தேங்காய் உடைத்துவிட்டு பஸ் ஏறலாம். ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. உங்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீங்கள்தான் இதை நடத்த வேண்டும், எந்தக் கைடுக்கும் தெரியாத பாதி உங்களிடம்தான் இருக்கிறது.

சாப்பாட்டை எங்கே வைத்துச் சாப்பிடலாம்? – அதே பொகவந்தலாவ ஆசிரியை, கடித ஓரத்தில்

மாளிகை வளவுக்குள் வேண்டாம் டீச்சர். உடவத்தக்கலைக் காட்டுக் குரங்குகள் அங்கே கூட்டமாக வரும், மதிலில் அமைதியாக உட்கார்ந்து தாளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும். போன வருடம் என் கண் முன்னால் ஒரு பிள்ளையின் வடைப் பார்சல் போனது. பிள்ளை அழுதது, குரங்கு வடையைப் பிய்த்து மிளகாயை மட்டும் எடுத்துக் கீழே போட்டது. பஸ்ஸுக்குள் வைத்துச் சாப்பிட்டுவிடுங்கள், கண்ணாடியைச் சாத்திக்கொண்டு.